கவுன்சில் பதிவும் மருத்துவமனைப் பதிவும் ஒரே திரையில்: உங்கள் அனுபவம் என்ன?

வார்டு சமூகப் பணியாளர்:
இங்கிலாந்தில் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்களுக்குப் மருத்துவமனை, குடும்ப மருத்துவர், கவுன்சில் பதிவுகளை ஒரே திரையில் காட்டும் பகிர்வுப் பதிவேட்டை விளக்கத் தேவையில்லை. நேராக அந்த மாலைக்கு வருகிறேன். இடுப்பெலும்பு முறிந்து முந்தின இரவு சேர்க்கப்பட்டிருந்த முதியவரின் வார்டுக் குறிப்பில் ‘உடன் வசிப்பவர் எவருமில்லை’ என்றிருந்தது. வலி மருந்தின் மயக்கத்தில் அவர் ஒரு பெயரைத் திரும்பத் திரும்ப அழைத்ததை மனக்குழப்பம் என்று எழுதியிருந்தார்கள். பதிவேட்டில் கவுன்சில் பக்கத்தைத் திறந்தேன். மறதி நோயுள்ள மனைவியைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான் என்றும், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி அவருக்குப் பராமரிப்பாளர் மதிப்பீடு நடந்திருக்கிறது என்றும் அதில் இருந்தது. மனைவியின் பெயர், அவர் அழைத்துக்கொண்டிருந்த அதே பெயர். அவசரப் பணியாளர் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மையார் இரவு உடையுடன் வாசற்படியில் அமர்ந்திருந்தார்.

மகள்:
உங்களுக்குத் திரை திறந்தது. என் தாயாரின் வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் திறக்கவில்லை. மாத்திரையின் அளவைக் குடும்ப மருத்துவர் குறைத்தது பதிவேட்டில் ஏறியிருந்தது, கவுன்சில் அலுவலரும் பார்த்திருந்தார். நாள்தோறும் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பவரோ, கவுன்சில் ஒப்பந்தம் கொடுத்த தனியார் நிறுவனத்தின் ஊழியர். சமையலறை அலமாரியில் இருந்த கோப்பின் பழைய தாளைப் பார்த்துப் பழைய அளவையே கொடுத்து வந்தார். “எனக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லைங்க” என்று அவர் கூசிக்கொண்டு சொன்னது இன்னும் உறுத்துகிறது. அலுவலரைக் கேட்டால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்றார்.

பதிவேடு இணைப்பாளர்:
அந்த அலுவலர் சொன்னது தவறு, நீங்களும் அதை ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது. என் அனுபவம் சிறியது: ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் கொண்ட இரு பெண்களில் ஒருவரின் கவுன்சில் பதிவில் என்எச்எஸ் எண் (பொது மருத்துவச் சேவை ஒவ்வொருவருக்கும் தரும் தனி எண்) காலியாக இருந்ததால், ஒருவரின் ஒவ்வாமை எச்சரிக்கை மற்றவரின் பக்கத்தில் ஏறிவிட்டது. இப்படி நேராமலிருக்கத்தான் 2015ஆம் ஆண்டு உடல்நல, சமூகப் பராமரிப்பு (பாதுகாப்பு, தரம்) சட்டம் அந்த எண்ணைப் பொது அடையாளமாகப் பயன்படுத்தச் சொல்கிறது. நேரடிப் பராமரிப்புக்குத் தேவையான விவரத்தைப் பகிர்வதையும் அதே சட்டம் கடமையாக்கியது, பொதுப் பணத்தில் சேவை தரும் தனியார் நிறுவனமும் அதற்குள் வரும். ரகசியம் காப்பதைப் போலவே பகிர்வதும் முக்கியம் என்பது, நோயாளி விவரங்களைக் கையாள்வதற்கான கால்டிகாட் கொள்கைகளில் 2013இல் சேர்க்கப்பட்ட ஏழாவது கொள்கை. ஆகவே கவுன்சிலில் இந்தக் கொள்கைகளுக்குப் பொறுப்பான கால்டிகாட் காப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டப் பிரிவு தடுக்கிறது என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தாயாரின் பதிவை யார், எப்போது திறந்தார்கள் என்ற விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். கவுன்சில் பதிவில் என்எச்எஸ் எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகள்:
ஆலோசனைக்கு நன்றி, என் சிக்கல் அதுவல்ல. சட்டம் இடம் கொடுக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணின் கைபேசியில் உள்நுழைவுக் கணக்கை யார் உருவாக்கித் தருவது? கவுன்சில் நிறுவனத்தைக் காட்டியது, நிறுவனம் கவுன்சிலைக் காட்டியது.

வார்டு சமூகப் பணியாளர்:
எங்கள் கவுன்சிலில், வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கணக்கையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார்கள். மருந்துப் பட்டியல் மட்டும் தெரியும், அதுவும் பார்ப்பதற்கு மட்டுமே. அலமாரிக் கோப்பை இன்னும் எடுக்கவில்லை.