புதுப்பிப்பு: தரம் 7 மகனும் மேசையில் கிடக்கும் கொப்பிகளும்

போன தவணை எழுதியிருந்தேன், கல்லடியில் படிக்கும் மகன் கணக்கைச் செய்து முடித்துவிட்டுக் கொப்பியை மேசையிலேயே விட்டுப் போய், வகுப்பில் சோம்பேறி என்று பேச்சு வாங்குகிறான் என்று. சோம்பல் இல்லை. திட்டமிடவும் நினைவில் வைத்திருக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முதிர 25 வயதளவு ஆகும், கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் தாமதமாகலாம்.

இப்போது நேரசூசியைக் கதவில் ஒட்டியிருக்கிறோம், இரவில் அவனே பார்த்து அடுக்குகிறான், நான் பக்கத்தில் நிற்பேன், கை வைக்க மாட்டேன், அப்புறம் பை செருப்புக்குப் பக்கத்தில். "விஞ்ஞான ஒப்படை செய்" என்றால் அசைய மாட்டான். "முதலில் படத்தை மட்டும் கீறு மகன், 10 நிமிடம்" என்றால் உட்காருகிறான்.

போன கிழமை இரண்டு தரம் மறந்தான். சரி, முன்பு தினமும். வகுப்பாசிரியையும் மணியடிக்க முன் "கொப்பி தந்தாயா?" என்று கேட்கிறார்.