பார்வைக் குறைவுள்ள மகளுக்குப் பெரிய எழுத்துப் பாடநூல் யாரிடம் கேட்பது?

கயல்அம்மா (விழுப்புரம் மாவட்டம்):

வணக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே பார்வைக் குறைவு. கண்ணாடி போட்டும் புத்தகம் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துத்தான் படிப்பாள். யு.டி.ஐ.டி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் பாதிப்பு 40 சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் எழுத்து பெரிதாக இருந்ததால் சமாளித்தோம். இப்போது சமூக அறிவியலில் நிறம் போட்ட கட்டத்துக்குள் பொடி எழுத்தில் வருவதைப் படிக்கவே முடியவில்லை. கரும்பலகையோ ஜன்னல் வெளிச்சத்தில் பளபளக்கிறது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். அந்தப் பெண் லீவு போட்டால் இவள் நோட்டும் காலி.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். "பெரிய எழுத்துப் புத்தகமெல்லாம் எங்களுக்கு வர்றதில்லைம்மா, பார்வையற்றோர் பள்ளியில சேர்த்துடுங்க, நல்லா பாத்துப்பாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் விடுதியில் விட எனக்கு மனசு வரவில்லை, அவளும் தோழிகளை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். ரொம்ப வற்புறுத்தினால் பள்ளியில் மனஸ்தாபம் ஆகுமோ என்றும் பயம். சட்டத்தில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

வளமைய டீச்சர்:

அம்மா, நான் வேறொரு மாவட்டத்தில் வட்டார வள மையத்தில், அதாவது வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையத்தில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். தயங்காமல் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உங்கள் பக்கம் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவில், 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம், கற்றல் பொருள்கள், உதவி உபகரணங்கள் எல்லாம் 18 வயது வரை இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் அது கடமை. 31ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்குத்தான். சிறப்புப் பள்ளிகளைக் குறைத்துச் சொல்லவில்லை, அங்கே படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். ஆனால் புத்தகம் இல்லை என்பதற்காக ஒரு குழந்தையை ஊரை விட்டு அனுப்புவது நியாயமே இல்லை.

வாய்மொழியாகக் கேட்டது போதும், இனி எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம். யு.டி.ஐ.டி நகல், கண் மருத்துவரின் சீட்டு, இந்த இரண்டு பிரிவு எண்கள். ஒரு நகலை வட்டார வள மையத்தில் கொடுத்து, அங்கேயுள்ள சிறப்பாசிரியரைப் பிள்ளையை வந்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசித் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்கும் அது நல்லது, மேலே கேட்க அவர் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

புத்தகம் வரும்வரை பிள்ளை காத்திருக்க முடியாதே. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லாப் புத்தகமும் பி.டி.எஃப் ஆக இருக்கிறது. அச்சுப் புத்தகத்தை ஜெராக்ஸில் பெரிதாக்காதீர்கள். நீங்கள் சொல்கிற அந்த நிறக் கட்டம் கறுப்பாகவோ சாம்பலாகவோ விழுந்து, உள்ளே இருக்கிற எழுத்து மொத்தமாகப் போய்விடும். பி.டி.எஃப்-இலிருந்து நேராக ஏ3 தாளில் எடுங்கள், கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் வெள்ளைத் தாளில் 20 பாயின்ட் எழுத்தில் தட்டச்சு செய்து சேருங்கள். முழுப் புத்தகமாக பைண்ட் செய்தால் பிள்ளையால் தூக்க முடியாது, பாடம் பாடமாகப் பிரியுங்கள்.

கறுப்பு சார்ட் அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு நீளமாகத் துளை வெட்டிக் கொடுங்கள். புத்தகப் பக்கத்தின் மேல் வைத்தால் அந்த வரி மட்டும் தெரியும், கண் அடுத்த வரிக்குத் தாவாது. என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் செய்து கொடுப்பது இதுதான்.

கரும்பலகைக்கு ஆசிரியர்களிடம் இரண்டே உதவி கேளுங்கள்: ஜன்னல் பளபளப்பு விழாத முன் இருக்கை, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வது. இரண்டாவது பழக்கம் மொத்த வகுப்புக்கும் உதவும். இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

குமரேசன்_78:

எனக்கும் பார்வைக் குறைவுதான், இப்போது அரசு வேலையில் இருக்கிறேன். ஜெராக்ஸ் கடையிலோ பள்ளியிலோ காப்புரிமைப் பிரச்சினை வரும் என்று சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுத்திறனாளி படிப்பதற்காக அவருக்கேற்ற வடிவில் நகல் எடுக்கலாம் என்று 2012இல் காப்புரிமைச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். இன்னொன்று, பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் மொழி விலக்கை அவசரப்பட்டு வாங்காதீர்கள். தமிழோ ஆங்கிலமோ, நன்றாகப் படிக்கிற பிள்ளை எதற்கு விட வேண்டும்?

கணக்கு_சார்:

நான் வகுப்பாசிரியர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், அவருக்கே பல பள்ளிகள். 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்றது. நடைமுறை எங்கே இருக்கிறது? ஆசிரியரைக் குறை சொல்லுமுன் இதையும் பாருங்கள்.

வளமைய டீச்சர்:

சார் சொல்வது உண்மை, நானும் அப்படித்தான் பள்ளி பள்ளியாக ஓடுகிறேன். அதனால்தான் எழுதிக் கேளுங்கள் என்கிறேன். கேட்டவர்களின் மனு கோப்பில் இருந்தால்தான் பணியிடம் கேட்க எங்களுக்கும் ஆதாரம் கிடைக்கும்.

கயல்அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கடிதம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன். டீச்சர், தலைமையாசிரியர் வாங்க மறுத்தால்?

வளமைய டீச்சர்:

விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) பதிவு வசதியோடு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதே கடிதத்தைக் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம், இந்தச் சட்டமே அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பாப்பாவுக்கு எந்த அளவு எழுத்து வசதி என்று 18, 20, 24 மூன்றிலும் ஒரே பத்தியைப் படிக்கவைத்துப் பார்த்து, அதையும் கடிதத்தில் சேருங்கள்.