ராத்திரில கடல் மேல சின்ன ப்ளேன் ஓட்டுறது அவ்ளோ டேஞ்சரா?

கேள்வி: 1999 ஜூலைல அமெரிக்க அதிபரா இருந்த கென்னடியோட பையன், கென்னடி ஜூனியர், தானே ஓட்டிட்டு போன சின்ன ப்ளேனோட அமெரிக்காவுல மார்த்தாஸ் வின்யார்ட்ங்கிற தீவு பக்கத்துல கடல்ல விழுந்தாரே, இஞ்சின் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சாம், அப்புறம் எப்படிங்க விழுந்தாரு?

ரிப்ளை 1: ப்ரோ, பிரச்சனை மெஷின்ல இல்ல, காதுல. உள்காதுல இருக்குற திரவம்தான் நாம சாயுறோமான்னு சொல்லும், ஆனா ப்ளேன் மெதுவா திரும்பிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல அதுவும் பழகிப்போய் நேரா போறோம்னு சொல்லிரும். பகல்ல அடிவானம் பாத்து சுதாரிக்கலாம், அன்னைக்கு புகைமூட்டம் மாதிரி மங்கல் வேற, கடலும் வானமும் ஒரே கறுப்பு.

ரிப்ளை 2: அவருக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்ல, அதாவது வெளிய பாக்காம மீட்டரை மட்டும் நம்பி ஓட்டுற லைசென்ஸ். கடைசில நிமிஷத்துக்கு 4,700 அடிக்கு மேல இறங்கிருக்கு. அவரு, மனைவி, மனைவியோட அக்கா, மூணு பேரும் போயிட்டாங்க. விசாரணைலயும் ப்ளேன் எப்படி சாஞ்சிருக்குன்னே தெரியாத குழப்பம்னுதான் சொன்னாங்க.

கேட்டவர்: ஐயோ, கரையோரமா போயிருந்தா லைட்டாவது தெரிஞ்சிருக்குமே?

ரிப்ளை 1: ஆமா, கரைய விட்டு குறுக்க கடல் மேல போனதுதான் வினை. அதுவும் கடல்ல ஒத்தையா மீன்பிடி படகு லைட்டு தெரிஞ்சா அதை நட்சத்திரம்னு நெனைக்கிறவங்களும் உண்டு 😐

ரிப்ளை 3: ஒத்த இஞ்சின் வேற, நின்னா இருட்டுல அலை எங்கன்னே தெரியாது, எங்க இறக்குவீங்க? லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடில வைக்காம மாட்டிக்கிட்டே ஓட்டுங்கப்பா.