அப்பத்தா வீட்டு சகுந்தலை படம்: ஜரிகையை உரிக்கலாமா?

கானாடுகாத்தான் பேத்தி:
எங்கள் அப்பத்தா வீட்டு வளவில் தேக்குச் சட்டம் போட்ட ரவிவர்மா படம் ஒன்று தொங்குகிறது. காட்டுப் பாதையில் சகுந்தலை தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலில் முள் எடுக்கிற சாக்கில் துஷ்யந்தன் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். சேலைக் கரையில் யாரோ நிஜ ஜரிகையை ஒட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் இருக்கிற சாமி படங்களெல்லாம் நம்மையே பார்க்கும், இவள் மட்டும் நம்மைக் கண்டுகொள்வதே இல்லை, சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் பிடிக்கும். இப்போது சட்டம் மாற்றப் போனால் கடைக்காரர் ஜரிகையை உரித்துவிட்டுத் துடைத்துத் தருகிறேன் என்கிறார். இது கையால் வரைந்ததா? துடைக்கலாமா?

பழைய சாமான்:
ஒலியோகிராஃபாகத்தான் இருக்கும் தங்கச்சி, அதாவது எண்ணெய் ஓவியம் மாதிரி தெரிகிற அச்சுப் படம். ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். வண்ணத்துக்கு ஒரு அச்சுக்கல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, கடைசியில் வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம் மாதிரியே மினுங்கும். லென்ஸ் வைத்துக் கன்னத்தைப் பாருங்கள், புள்ளிகள் தாறுமாறாக இருந்தால் கல் அச்சு, வரிசை பிடித்து நின்றால் பின்னால் வந்த ஆஃப்செட் இயந்திர அச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் இரண்டுமே பார்த்திருக்கிறேன். ஜரிகையை மட்டும் தொட விடாதீர்கள், நம் பக்கத்து வீடுகளில் அப்படி ஒட்டி அலங்கரிப்பது வழக்கம், வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

வளவுக்காரன்:
ஈரத்துணி வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டு ரவிவர்மா தமயந்தி படத்தை நான் துடைத்த லட்சணத்தில் அன்னத்தின் கழுத்து துணியோடு வந்துவிட்டது, அம்மா இரண்டு நாள் பேசவில்லை. காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

தூரிகை:
அந்தக் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முள் இருக்கிற மாதிரியே தெரியாது, அவள் கண்ணும் அங்கே இல்லை. உடம்பு முன்னால் போக, கழுத்து மட்டும் பின்னால் போகிறது, அந்தத் திருப்பத்தில்தான் படமே இருக்கிறது. காடு எனக்கு என்னவோ நாடகத் திரை மாதிரிதான் தெரிகிறது, மரத்துக்கு அவர் அவ்வளவு மெனக்கெடவில்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று ஒரு பெண் நினைத்துக்கொள்ள அந்த மரங்கள் வேண்டியிருக்கின்றன.

கானாடுகாத்தான் பேத்தி:
நன்றி அண்ணே, புள்ளிகள் தாறுமாறுதான்! அப்பத்தாவிடம் கேட்டேன், ஜரிகை அவர் மாமியார் பழைய பட்டுச் சேலையிலிருந்து வெட்டி ஒட்டியதாம். சட்டத்தையும் மாற்றவில்லை, கண்ணாடியை மட்டும் துடைத்து மாட்டிவிட்டோம்.