வேலைகள் ஒரே நேரத்தில் நெருக்கும்போது எதை முதலில் எடுப்பது?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):
எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணக்கை நானே பார்க்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, வேலையாட்களுக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுத்து முடிப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிடுகிறது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததும், எதையும் தொடங்க முடியாமல் கை ஓய்ந்துவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில் (ஏற்காடு):
நான் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை செய்கிறேன், சகோதரி. பறித்த பழத்தைத் தாமதமின்றித் தோல் நீக்காவிட்டால் அது புளித்துக் கொட்டையின் தரம் கெட்டுவிடும். வேலி கட்டுவதோ ஒரு வாரம் காத்திருக்கும். ஆகவே அறுவடைக் காலத்தில், இன்று செய்யாவிட்டால் கெடுவது எது என்பதை மட்டுமே காலையில் கேட்டுக்கொள்வேன். உங்களுக்கு மருந்தும் வெள்ளி நிறுவையும் அத்தகையவை.

பதில் (அஸ்தம்பட்டி):
முடித்த வேலைகளைவிடப் பாதியில் நின்றவையே அதிகம் நினைவில் நிற்கின்றன என்று உளவியலாளர் புளூமா ஜெய்கார்னிக் 1927இல் எழுதினார். அவ்வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டாலே அந்த உறுத்தல் குறைகிறது என்பதை உளவியலாளர்கள் மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே, “8ஆம் தேதி, பிற்பகல் 2 மணி, கொள்முதல் ரசீதுகள்” என்று நாட்காட்டியிலேயே எழுதிவிடுங்கள். மருந்து கொடுப்பதை வீட்டில் வேறொருவர் ஏற்க முடியுமா என்றும் கேளுங்கள். அனைத்தையும் நீங்களே சுமப்பது நியாயமல்ல.

கேட்டவர்:
மருந்தைத் தாமே கொடுப்பதாகக் கணவர் ஒப்புக்கொண்டார். ரசீதுகளுக்கு 8ஆம் தேதியைக் குறித்துவிட்டேன். இருவருக்கும் நன்றி.