கொண்டைக்கடலைச் சாகுபடிப் பரப்பின் நிலைத்தன்மையை அளப்பதில் ஓர் ஐயம்
வணக்கம். பாசனமும் கோதுமையும் பெருகியதால் பஞ்சாப், ஹரியானா ஆகிய மாநிலங்களில் சுருங்கிய கொண்டைக்கடலைச் சாகுபடி, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரம் என மத்திய, தென் மாநிலங்களின் மானாவாரி நிலங்களில் விரிவடைந்ததை மாநில வாரியாக ஆராய்ந்து வருகிறேன். சராசரியோடு ஒப்பிட்டு ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மாறுபாட்டுக் கெழுவை மட்டும் பார்த்தால் சீராக ஏறிவரும் பரப்புகூட நிலையற்றதாகத் தோன்றிவிடும் என்பதால், அந்தக் கெழுவை, ஒன்றிலிருந்து திருத்திய ஆர்-வர்க்கத்தை (போக்குக் கோடு தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எண்) கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கும் கடி–டெல்லா வாலே குறியீட்டைப் பயன்படுத்துகிறேன்.

சிக்கல் ஆந்திரத்தில்தான். நெடுங்காலம் சொற்பமாக இருந்த பரப்பு, 1999-இல் வெளியான ஜேஜி 11 ரகம் பரவிய பின் விறுவிறுவென உயர்ந்ததால் நேர்கோட்டுப் போக்கு பொருந்தவில்லை. உண்மையான வளர்ச்சியே ஏற்ற இறக்கமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. காலத்தொடரை அந்தத் திருப்பத்தில் இரண்டாகப் பிரிப்பது சரியா, அல்லது மடக்கை (log) போக்கைப் பொருத்தினால் போதுமா? பிரிப்பதே மேல் என நினைக்கிறேன். ஆனால் ஆண்டுகள் குறைந்துவிடுமே என்ற தயக்கமும் இருக்கிறது. 2014-க்கு முந்தைய தரவில் தெலங்கானா மாவட்டங்களைக் கழித்துக் கணக்கிட்டவர்கள் தங்கள் முறையை விளக்கினால் நன்றியுடையவனாவேன்.