அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). மொட்டு வைத்த சிலிப்பர் போடலாமா?

சிப்புட்_மகள்:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பாவுக்கு 64 வயது, முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், கடைசியில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வேலைக்கு மாறினார். போன மாதம் கடைக்குப் போய்விட்டு ஒரு கால் ஜப்பான் சிலிப்பரோடு (விரலிடுக்கில் வார் உள்ள ரப்பர் செருப்பு) வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே என்றால், குனிந்து காலைப் பார்த்துவிட்டு அவரே முழிக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன்தான் சாக்கடை ஓரத்திலிருந்து எடுத்து வந்தான். எல்லாரும் சிரித்தோம்.

அப்புறம் கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்), தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு "ம்" சொல்ல வேண்டும். பெருவிரலடியில் இழை வளையும்வரை அழுத்தியும் ஆள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று வேறு கேட்டார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

சப்பாத்தை மாற்றச் சொன்னார்கள். அதற்குள் அம்மா பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) யாரோ 'இனிப்பு நீருக்கு நல்லது' என்று சொன்னதை நம்பி 79 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சிலிப்பர் வாங்கிவிட்டார். உள்ளே முழுக்க ரப்பர் மொட்டு, நடுவில் காந்தம். போடலாமா?

பழைய_மண்டோர்:
வேண்டாம் தங்கச்சி. எனக்குச் செம்பனை முள் ஒன்று பூட்ஸுக்குள் உடைந்து நின்றது. அதன் மேலேயே இரண்டு நாள் வேலை செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் சாக்ஸ் ஈரமாக இருந்தது, மழைத் தண்ணி என்று நினைத்தேன். இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சமாவது வலித்திருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பேன். இப்போது எதைப் போட்டாலும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். பாம்பு பிடிக்கிறீர்களா என்கிறாள் வீட்டுக்காரி.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:
அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அதுவே தெரியாத காலுக்கு மொட்டு குத்துவது எப்படித் தெரியும்? வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால் புண்ணில் கண்டதும் இதுதான்: மரத்த கால், ஒரே இடத்தில் பாரம் விழுந்து விழுந்தே புண்ணாகிறது. அப்பாவுக்கு வேண்டியது அந்த மொட்டுக்கு நேர் எதிரானது. பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மெத்தை, விரல் உரசாத உயரம், உள்ளே தையல் துருத்தாத துணி, குதிகாலைப் பிடிக்கும் பின்வார். ஜப்பான் சிலிப்பரை விரலிடுக்கால் கவ்விப் பிடிக்க வேண்டும். உணர்ச்சி இல்லாதவரால் அது முடியாது, அதனால்தான் கழன்றதும் தெரியவில்லை.

சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அப்பாவைக் காகிதத்தில் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். அதைச் சப்பாத்துக்குள் விடுங்கள், ஓரம் மடங்கினால் அது ஆகாது. உள் நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். புதுசை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா பாருங்கள்.

புண் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வலியே இல்லாமல் சூடாக வீங்கினாலோ, சப்பாத்துக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சிப்புட்_மகள்:
நன்றி மிஸ்ஸி, அண்ணே. வீட்டுக்குள்ளும் போட வேண்டுமா? சாமி மேடைக்கு முன்னால் செருப்பா என்று அப்பா முறைக்கிறார். கோயிலுக்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:
வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. வாசலைத் தாண்டாத ஜோடி ஒன்று தனியாக வாங்குங்கள், சாமி கோபிக்க மாட்டார். கோயிலில் வெள்ளைக் காட்டன் சாக்ஸ், ரத்தம் பட்டால் தெரியும். வெயில் ஏறுமுன் போய் வந்துவிடட்டும், சிமெண்டு சுட்டாலும் அவருக்குத் தெரியாது. வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

சிப்புட்_மகள்:
காகிதம் வெட்டிப் பார்த்தோம். அந்த 79 வெள்ளி சிலிப்பரில் இரண்டு பக்கமும் வெளியே தொங்குகிறது. தோட்டத்துச் சப்பாத்துக்குள் விட்டால் சுண்டுவிரல் பக்கம் மடங்குகிறது. ஏழாம் நம்பர்தான் என் சைஸ் என்று இருபது வருடமாக அதையே வாங்கியிருக்கிறார். வலது கால் இடதைவிடப் பெரிது. அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ பென்சிலைச் சாய்ச்சுப் பிடிச்சுட்டே" என்கிறார்.